கல்லூரி முதல் ஆண்டிலேயே ரோபாட்டிக்ஸ் டீமுக்கு மென்டராகப் போனவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மெக்கானம்_அக்கா:

போன வருடம் வரை டீமில் இருந்தேன், இந்த வருடம் அதே டீமுக்கு மென்டர், அதாவது வழிகாட்டி. பள்ளி மாணவர்களுக்கான எஃப்டிசி ரோபோ போட்டி. கல்லூரி வெளியூரில், அதனால் வார நாட்களில் வீடியோ கால், முடிகிற சனிக்கிழமைகளில் நேரில். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது ஒரே ஓர் இரவு.

மறுநாள் கணக்கு இன்டர்னல். ரூம்மேட் தூங்கிவிட்டாள் என்று வராந்தாவில் உட்கார்ந்து லாப்லாஸ் போட்டுக்கொண்டிருந்தேன். கோடிங் பார்க்கும் பெண் கூப்பிட்டாள். ஆட்டோவில், அதாவது ரோபோ தானாகவே ஓட வேண்டிய 30 வினாடியில், அது இடது பக்கம் இழுக்கிறது, முடிக்க வேண்டியது எதுவும் முடிவதில்லை. சுற்றை எண்ணும் நான்கு என்கோடரும் ஒரே எண்ணைத்தான் காட்டுகின்றன, ஆனாலும் வண்டி கோணுகிறது. சாயங்காலம் முழுக்க, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பிஐடி எண்களை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறாள். குரல் கம்மியிருந்தது.

எனக்குக் கேட்டதுமே புரிந்துவிட்டது. என்கோடர் இருப்பது மோட்டாரில். சக்கரம் ஷாஃப்டில் வழுக்கினால் அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் அதைச் சொல்லவில்லை. “மார்க்கர் இருக்கா? ஒவ்வொரு சக்கரத்துலயும் ஷாஃப்ட், ஹப் ரெண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டுட்டு ஓட்டிப் பாரு” என்றேன். ஓட்டிவிட்டு போனைத் தரைக்கருகே கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மூன்றில் கோடு கோடாகவே இருந்தது. பின்பக்க இடது சக்கரத்தில் மட்டும் அது இரண்டு துண்டாகி, ஷாஃப்டில் இருந்த பாதி ஒரு பக்கம், ஹப்பில் இருந்த பாதி இன்னொரு பக்கம். சக்கரத்தை ஷாஃப்டில் இறுக்கும் செட் ஸ்க்ரூ லூஸ்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “நீங்க இங்க இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்க்கா” என்றாள். கால் கட்.

பாராட்டினாளா, குறைப்பட்டாளா? ஏன் எங்களை விட்டுப் போனீர்கள் என்று கேட்டாளா? நேரில் பார்க்கும்போதெல்லாம் கேட்க நினைக்கிறேன், வாய் வரவில்லை.

பிட்_ஓரம்:

குறைதான் சொல்லியிருக்கிறாள், அதில் தப்பும் இல்லை. போட்டி நெருங்கும்போது இப்படிச் சுற்றி வளைத்துக் கேள்வி கேட்பதை நான் ஏற்க மாட்டேன். பிள்ளைகள் களைத்துப்போன நேரத்தில் நேராகச் சொல்லிவிட வேண்டும். கற்றுக்கொடுக்க மற்ற மாதங்கள் இருக்கின்றன.

என் விஷயம் வேறு. போட்டியில் ரோபோவை வைத்து வேலை பார்க்கும் எங்கள் பிட்டுக்கு நடுவர்கள் வந்தார்கள். ரோபோவின் லிஃப்டுக்கு ஏன் பெல்ட் போடாமல் நூல் போட்டீர்கள் என்று எங்கள் பையனிடம் கேட்டார்கள். டிசைன் அவனுடையது, எடையைக் குறைக்கத்தான் அப்படிச் செய்தான், இரண்டையும் செய்து ஒப்பிட்டும் பார்த்தவன். கேள்வி வந்ததும் வாயைத் திறக்காமல் என் முகத்தைப் பார்த்தான். பதில் என் நாக்கு நுனியில். நான் திரும்பி, டூல் பாக்ஸில் ஏற்கெனவே வரிசையாக இருந்த ஆலன் கீகளை மறுபடி வரிசைப்படுத்தினேன். கடைசியில் அவனே பேசினான், நன்றாகத்தான் பேசினான். ஆனால் பேசுவதற்கு முன்னால் அந்தக் கண்ணில் இருந்த பயம்! போன வருடம் அதே மேஜையில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பதில் சொன்னவர்கள்.

பேட்டரி_லக்:

எனக்கு ஒரு வரிதான். பேட்டரி வயர் நுனியில் இருக்கும் லக் லூஸாக இருந்து, இன்னும் பெரிய ரோபோக்களின் போட்டியான எஃப்ஆர்சியில் எங்கள் ரோபோ மேட்ச் நடுவில் செத்துப்போனது, டிரைவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைத் தேடினான். அந்தப் பார்வை போகவே மாட்டேன் என்கிறது.

ஆனால் மேலே எழுதிய இருவருக்கும் சிலது சொல்லியாக வேண்டும். முதலில், ராத்திரியில் ஒரு மாணவியோடு தனியாக வீடியோ கால் வேண்டாம். நேற்று வரை நீங்கள் தோழி, இன்று 18 தாண்டிய பெரியவர். எந்தப் பேச்சிலும் இன்னொரு பெரியவர் இருக்கட்டும், தனி மெசேஜும் வேண்டாம், குழுவில் பேசுங்கள். பின்னணிச் சரிபார்ப்பு கேட்டால் தள்ளிப்போடாமல் முடித்துவிடுங்கள். அடுத்து நேரம். எஃப்ஆர்சிக்கு ஜனவரித் தொடக்கத்தில் கிக்ஆஃப், அந்த வருடப் போட்டியை அறிவிக்கும் நாள். செமஸ்டர் தொடங்குவதும் பலருக்கு அப்போதுதான். முன்பு ஆறு வாரத்தில், அதற்குமேல் கைவைக்கக் கூடாது என்று ரோபோவைப் பையில் போட்டு மூடிவிடுவோம். 2020-லிருந்து அந்தக் கட்டுப்பாடும் இல்லை, போட்டி வரை வேலை நீண்டுகொண்டே போகும். அதனால் எந்தக் கிழமை, எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே கோச்சிடம் எழுதிக் கொடுங்கள். லேப் ரெக்கார்டை அரைகுறையாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் தலைக்குள் இருப்பதையெல்லாம் நோட்டில் ஏற்றுங்கள்: எந்த வயர் எங்கே, எந்த ஸ்க்ரூ அடிக்கடி லூஸாகும், மேட்சுக்கு முன் எதை இழுத்துப் பார்க்க வேண்டும். எஃப்ஆர்சியில், அந்தப் போட்டியை உருவாக்க உதவிய பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் பெயரில் மென்டர்களுக்கு 1996 முதல் விருது கொடுக்கிறார்கள், அதற்கு முன்மொழிபவர்கள் மாணவர்களே. நல்ல மென்டர் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் முதல் ஆண்டில் இது வேண்டவே வேண்டாம். கல்லூரியில் கால் ஊன்றிவிட்டு இரண்டாம் ஆண்டில் வாருங்கள்.

மெக்கானம்_அக்கா:

அந்த வீடியோ காலில் கோச்சும் இருந்தார், ஒர்க்‌ஷாப்பில் அவள் பக்கத்திலேயே. எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். பிட்_ஓரம், நேராகச் சொல்லியிருந்தால் அன்றைக்கு ஸ்க்ரூவை முறுக்கியிருப்பாள். அந்த மார்க்கர் கோட்டை இப்போது எல்லாச் சக்கரத்திலும் அவளே போட்டுவைக்கிறாள், யாரும் சொல்லவில்லை.

லேத்_பக்கம்:

பேட்டரி_லக் சொன்ன கடைசி விஷயத்தோடு எனக்கு உடன்பாடில்லை. நான் படிக்க வந்த ஊரில் யாரையும் தெரியாது. வகுப்பில் நூற்றுக்கும் மேல் பேர், பக்கத்தில் உட்காருபவர் தினமும் மாறுவார். ஒரு பள்ளி டீம் ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன், என் பழைய டீம் கூட இல்லை. அடுத்த முறை போனபோது, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டும் பலகையில் ஒன்றின் காதில் மாஸ்கிங் டேப் ஒட்டி என் பெயரை எழுதி வைத்திருந்தார்கள், ஓர் எழுத்துப் பிழையோடு. பாத்ரூமுக்குப் போகிறேன் என்று சொல்லி வெளியே வந்து நின்றேன். புது ஊரில் என் பெயர் எழுதப்பட்டிருந்த முதல் இடம் அது. இரண்டாம் ஆண்டு வரை காத்திருந்தால் அதற்குள் ஊருக்கே திரும்பிப் போயிருப்பேன்.

தேர்வு வாரங்களில் வர மாட்டேன் என்று சேரும்போதே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் அதை ஒயிட்போர்டு காலண்டரில் சிவப்பில் குறித்துக்கொண்டார்கள். அந்த வாரங்களில் யாரும் கூப்பிடுவதில்லை.