பழைய தங்கக்காட்டுல புது டிடெக்டர்: ஆழமாம் ஆழம்!

வேல்கம்பு: "ஆஸ்திரேலியாவுல விக்டோரியாவுல, எஸ்டி2000ங்கற பழைய டிடெக்டர் போட்டுத் துடைச்ச இடத்துக்கு ஜிபிஇசட் 7000ங்கற புதுசைக் கொண்டுபோனா, ரெண்டடி ஆழத்துல விட்டதெல்லாம் வரும்"னு நேத்து இங்க நம்ம கிணத்தடி எழுதியிருக்கார். ஆத்திரமா வருது. மிச்சம் கிடக்குறதுல நிறைய ஒரு கிராமுக்குக் கீழ, ஒரு சாண் ஆழத்துக்குள்ள! மிஷின் தரைக்குள்ள ஒரு காந்தப் பல்ஸ் அனுப்பும், அது நின்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பழைய மிஷின் தங்கத்தோட பதில் சிக்னலைக் கேட்கத் தொடங்கும். பொடித் தங்கத்தோட சிக்னல் அதுக்குள்ள செத்துடும். காலடியில இருந்ததையே அது கேக்கல.

கிணத்தடி: ஆழம்தான். 1980ல அதே விக்டோரியாவுல கிங்கோவர்ங்கற ஊர்ல டிடெக்டர் எடுத்த 27 கிலோ கட்டி மேலயா கிடந்துச்சு?

வேல்கம்பு: அது கிடந்தது 30 செ.மீ. ஒரடி. நீங்க சொன்னது ரெண்டடி. அவ்வளவு பெரிய கட்டிக்கு எந்த மிஷினும் கத்தும்.

செம்மண்: ரெண்டு பேரும் மண்ணை மறந்துட்டீங்க. இரும்புக்கல் மண்ணுல நார்மல் டைமிங் (பல்ஸ் அனுப்பிக் கேட்குற நேரக் கணக்கு) வெச்சா ஒரே கூச்சல். ஜிபிஎக்ஸ் 5000 மிஷின்ல என்ஹான்ஸ்ங்கற டைமிங் போடணும். அப்பவும் அடங்கலைன்னா, ஒரே சுருள்ல அனுப்பிக் கேட்குற மோனோ காயிலைக் கழட்டி, அனுப்ப ஒண்ணு கேட்க ஒண்ணுன்னு ரெண்டு சுருள் உள்ள டிடி காயில். ஆழம் கொஞ்சம் குறையும், பரவாயில்ல.

கிணத்தடி: பாருங்க, அவரே ஆழம்னு சொல்லிட்டார்.

வேல்கம்பு: குறையும்னு சொன்னார் ஐயா! மோனோ 8 அங்குலம் மாட்டுங்க. சருகை ஒதுக்கி, மேல்மண்ணை ரெண்டு விரக்கடை காலால சீவுங்க. காயில் தரையை உரசுற மாதிரி, ஒரு வீச்சுக்கு மூணு நாலு செகண்ட். ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சு மேல பாதி ஏறி வரணும். வடக்கு தெற்கா முடிச்சுட்டு கிழக்கு மேற்கா மறுபடி. மிஷின்ல எப்பவும் மெல்லிசா ஓடுற த்ரெஷோல்டு ரீங்காரம் ஒரு நூலிழை ஏறி இறங்கும், அவ்வளவுதான் சத்தம். அதை விட்டுட்டுப் போறவங்கதான் "காடு செத்துப்போச்சு"ங்கறாங்க. ஈயக்குண்டும் அப்படியேதான் கத்தும், தோண்டித்தான் ஆகணும்.

செம்மண்: தோண்டினா மூடவும் செய்யுங்க. மைனர்ஸ் ரைட் (தங்கம் தேட அங்க வாங்குற அனுமதி) வெச்சிருக்கறவங்க குழியை மூடணும்னு சட்டம். வேல்கம்பு ஒருநாளும் இதைச் சொன்னதில்ல.

வேல்கம்பு: மூடாதவன் பட்டியல்ல என்னைச் சேர்க்காதீங்க. கிணத்தடி, ரெண்டடிக்குக் கணக்கு எங்கே?

கிணத்தடி: காயில் பெருசானா ஆழம் கூடும். 18 அங்குலம் போட்டுப் பாருங்க.

வேல்கம்பு: பொடித் தங்கம் மொத்தமா காணாமப் போகும்! ஒரு சாண். எத்தனை தடவை கேட்டாலும் ஒரு சாண்தான்.

கிணத்தடி: ரெண்டடி.