மொசாம்பிக் தீவு: பள்ளத்து ஊரும் மேட்டு ஊரும்

அன்பார்ந்த ஊர்மக்களுக்கு வணக்கம். சவேரியார் மணப்பாட்டுக் குகைக்கு வருவதற்கு முன் எங்கே தங்கியிருந்தார் என்று திருவிழாப் பேச்சில் ஒருவர் கேட்டிருந்தார். 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறியவர், பருவக்காற்று தவறிப்போனதால் ஏறத்தாழ ஆறு மாதம் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய மொசாம்பிக் தீவில் காத்திருந்து, நோயாளிகளைப் பராமரித்துத் தாமும் காய்ச்சலில் விழுந்து எழுந்து, மறு ஆண்டு மே மாதம் கோவா சேர்ந்தார். முத்துக்குளித்துறைக்கு வந்தது அதன் பின்னர்தான். பணி நிமித்தம் மொசாம்பிக் நாட்டின் நாம்புலா நகரில் இருக்கும் நான், சென்ற மாதம் அத்தீவைப் பார்த்து வந்தேன்.

தீவின் நீளம் சுமார் 3 கிலோமீட்டர், அகலம் அரைக் கிலோமீட்டருக்குள் அடங்கும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒற்றைத்தடப் பாலம் ஒன்றே அதைக் கரையோடு இணைக்கிறது. 1498இல் வாஸ்கோ ட காமா வந்தபோதே இங்கே அரபு வணிகத்தில் தழைத்த ஊர் இருந்தது. பின்னர் போர்த்துக்கீசியர் 1558இல் தொடங்கிக் கட்டிய சான் செபஸ்தியான் கோட்டையை 1607இலும் 1608இலும் முற்றுகையிட்ட டச்சுக்காரர்களால் பிடிக்க முடியவில்லை. ஊற்று நீர் இல்லாத தீவில் மழைநீரைத் தேக்கும் பெரிய தொட்டி அந்தக் கோட்டைக்குள் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

என்னை நிற்க வைத்தது கோட்டையன்று, தெற்கே உள்ள மக்கூத்தி எனும் பகுதி. மக்கூத்தி என்றால் கூரை வேயும் ஓலை. நம் பக்கத்துக் கிடுகுதான். வடபகுதியின் மாளிகைகள், கோயில்கள், சுங்கச்சாவடி ஆகியவற்றுக்கான பவளப்பாறைக் கல்லை இத்தீவின் தென்பாதியிலேயே வெட்டி எடுத்தார்கள். வெட்டிய குழியில் ஏழைகள் குடியேறினார்கள். ஆகவே சாலையில் நிற்பவருக்கு வீட்டுக் கூரைகள் ஏறக்குறைய கண்மட்டத்தில் தெரிகின்றன. நான் சென்ற அன்று சிறு தூறல்தான். அதற்கே கீழே ஒரு மூதாட்டி, முகத்தில் முசீரோ எனும், மரக்கட்டையை அரைத்த வெண்பூச்சுடன், வாசலில் சேர்ந்த நீரைத் தகரக் குவளையால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்.

கல்லூர் எனப்படும் அந்த வடபகுதி செல்வம் கொழித்ததற்குத் தங்கமும் தந்தமும் மட்டுமல்ல, பிரேசிலுக்கும் இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கும் அனுப்பப்பட்ட அடிமைகளும் காரணம். இவ்வணிகத்தில் குஜராத் கரையை ஒட்டிய தியூவிலிருந்து வந்த குஜராத்தி வணிகர்களுக்கும் பங்குண்டு என்பதை நம்மவர் மறந்துவிடுகிறோம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கடல்வழி மாறியது. 1898இல், அதுவரை இத்தீவில் இருந்த மொசாம்பிக்கின் தலைநகரும் தெற்கே, இன்றைய மபூட்டோவுக்குப் போனது. 1991இல் யுனெஸ்கோ தீவு முழுவதையும் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

கோட்டையின் முனையில் 1522இல் எழுந்த சிறு ஆலயம் இன்றும் நிற்கிறது. சவேரியார் வந்தபோது அதற்கு வயது பத்தொன்பது. அதனருகில் கடலோரத்தில் சிறுவர்கள், மூழ்கிய பழங்கப்பல்களிலிருந்து அலை கொண்டுவரும் வண்ணக் கண்ணாடி மணிகளைப் பொறுக்கி விற்கிறார்கள். நான் வாங்கிய ஏழு மணிகளைத் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.