குதிரை எல்லாக் கட்டத்தையும் மிதிக்க மாட்டேங்குது: சால்வர் தப்பா, லெவல் தப்பா?

கணக்குநோட்டு:
வணக்கம். ஆபீஸ் முடிஞ்ச ராத்திரிகள்ல கோடோ எஞ்சின்ல தனியாளா ஒரு பசில் கேம் பண்ணிட்டிருக்கேன். படம் பூரா என் பொண்ணு வரைஞ்சது. 2022 செஸ் ஒலிம்பியாடுக்கு நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடிச்சாங்களே, அதைப் பார்த்துட்டு வந்து கட்டம் போட்ட கணக்கு நோட்டுல வரைய ஆரம்பிச்சா. அவ குதிரை பார்க்க நாய் மாதிரி இருக்கும். அந்த ஒலிம்பியாடோட சின்னமா இருந்த வேட்டி கட்டின குதிரை 'தம்பி'யைப் பார்த்து வேட்டி வேற கட்டி விட்டிருக்கா.

ஆட்டம் இதுதான்: செஸ் குதிரை மாதிரி தாவி, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே ஒரு தடவை மிதிக்கணும். மிதிச்ச கட்டத்துல கிரேயான் கலர் ஏறும். ஏதாவது வரைஞ்சிருக்கிற கட்டத்துல கால் வைக்கக் கூடாது.

விடை இருக்கான்னு பார்க்க ஒரு சால்வர் எழுதினேன். முட்டுச்சந்து வந்தா ஒரு அடி பின்னால வந்து வேற வழி தேடும். 4×4 லெவல்ல எங்க ஆரம்பிச்சாலும் விடை இல்லைங்குது. 5×5-ல மேல் வரிசை ரெண்டாவது கட்டத்துல ஆரம்பிச்சா அதுக்கும் இல்லைங்குது. 6×6-ல இடது மேல் மூலையில சூரியன், வலது கீழ் மூலையில மரம். நேத்து ராத்திரி ஓடவிட்டது இன்னும் ஓடிட்டே இருக்கு, லேப்டாப்புல தோசை சுடலாம். எங்க தப்பு?

மொட்டைமாடி:
5×5-ல ஆரம்பத்தை மூலைக்கு மாத்திப் பாருங்க.

கணக்குநோட்டு:
மாத்தினேன் ப்ரோ, கண் சிமிட்டறதுக்குள்ள விடை வந்துடுச்சு. ஒரு கட்டம் தள்ளினதுக்கு இவ்வளவு வித்தியாசமா?

குதிரைவால்:
சால்வர் சரி, லெவல்தான் தப்பு. நோட்டுக் கட்டம் எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கறதால உங்களுக்குத் தெரியலை. செஸ் போர்டு மாதிரி கறுப்பு வெள்ளை அடிச்சுப் பாருங்க. குதிரை ஒவ்வொரு தாவலிலும் நிறம் மாறும். அதனால ரெண்டு நிறத்தோட எண்ணிக்கையும் சமமா இருக்கணும், இல்லை ஒண்ணே ஒண்ணு கூட இருக்கலாம்.

5×5-ல மூலையோட நிறம் 13, மத்தது 12. கூட இருக்கிற நிறத்துல ஆரம்பிச்சாதான் முடியும். நீங்க ஆரம்பிச்சது 12-ல. இன்னொண்ணு: மூலையில ஆரம்பிச்சா 304 வழி, நட்டநடுவுல 64, அதே நிறத்துல மிச்சம் இருக்கிற எட்டுக் கட்டத்துல ஆளுக்கு 56. லெவல் கஷ்டத்தைக் கூட்டக் குறைக்க இதையே வச்சுக்கலாம், தனியா எதுவும் யோசிக்க வேணாம்.

6×6-ல எதிரெதிர் மூலை ரெண்டும் ஒரே நிறம். 18-ல ரெண்டு போய் 16, அந்தப் பக்கம் 18 அப்படியே. அடுத்த வருஷம் வரை ஓடினாலும் கிடைக்காது. தேடறதுக்கு முன்னாடி நிறத்தை எண்ணிடுங்க, நாலு வரிதான்.

4×4 வேற கதை. நிறம் 8-க்கு 8 சரியாத்தான் இருக்கு. ஆனா மூலையிலிருந்து வெளிய வர ரெண்டே வழி, அதுக்கு எதிர் மூலைக்கும் அதே ரெண்டு கட்டம்தான் வழி. பேப்பர்ல போட்டுப் பாருங்க, மாட்டிக்குவீங்க.

வேகத்துக்கு: 1823-லயே வார்ன்ஸ்டார்ஃப் சொன்ன முறை, அடுத்து எந்தக் கட்டத்துக்குப் போனா வெளிய வழி கம்மியோ அங்க முதல்ல போங்க. பின்வாங்கறதை எடுத்துடாதீங்க, வார்ன்ஸ்டார்ஃப் முறை மட்டும் எப்பவும் கைகொடுக்காது.

இங்க்பேனா:
கேட்காத கேள்விக்குப் பதில்: ஸ்கேன் பண்ணின படத்துல வெள்ளைப் பேப்பர் தெரியுதுன்னா ஒண்ணொண்ணா வெட்டிட்டு இருக்காதீங்க. மெட்டீரியல்ல பிளெண்ட் மோடை (கீழ இருக்கிற நிறத்தோட கலக்கற முறை) 'மல்', அதாவது பெருக்கல் ஆக்குங்க. வெள்ளை மறைஞ்சு கிரேயான் கோடு மட்டும் நிக்கும்.

தெற்குவாசல்:
4×4-ஐத் தூக்கிப் போட வேணாம், பக்கத்துல இன்னொரு 4×4 ஒட்டுங்க. 4×8-க்கு வழி இருக்கு. வேதாந்த தேசிகர் 14-ஆம் நூற்றாண்டுல பாதுகா சஹஸ்ரத்துல இதை வச்சே விளையாடியிருக்கார். 32 எழுத்து ஸ்லோகத்தை 4×8-ல எழுதி, குதிரை தாவற வழியில படிச்சா அடுத்த ஸ்லோகம் வரும். ரங்கநாதர் பாதுகை மேல பாடினது. உங்க கேம்ல கட்டத்துக்கு ஒரு எழுத்து வச்சீங்கன்னா, தாவத் தாவ ஒரு வாக்கியம் வரும்.

கணக்குநோட்டு:
எல்லாருக்கும் நன்றி. நிறத்தை எண்ணற செக் போட்டாச்சு, ரெண்டு லெவலையும் உடனே தள்ளிடுச்சு. சூரியனை ஒரு கட்டம் நகர்த்தலாமான்னு பொண்ணுகிட்டக் கேட்டேன். "சூரியன் மூலையிலதான்பா இருக்கும்"னுட்டா. கடைசியில 18 இருக்கிற நிறத்துல ஒரு கட்டத்துல பூனை வரைஞ்சு குடுத்தா. 17-க்கு 16 ஆச்சு, விடையும் வந்துடுச்சு. பூனை குதிரையை விடப் பெருசு, பக்கத்துக் கட்டத்துல வால் தொங்குது. வாலை மிதிக்கலாமான்னு இப்ப வீட்டுல பஞ்சாயத்து.