மேடத்தை நாய்களோடு பார்த்தவர்கள் எழுதுங்கள்

எங்கள் பழைய நிர்வாக இயக்குநர் ஓய்வுபெற்றுவிட்டாராம். கூட்டங்களில் அவரைப் பார்த்து நடுங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். வீட்டில் பார்த்தவர்கள் எழுதலாமே. நானே தொடங்குகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசரக் கையெழுத்துக்காகக் கோப்புடன் அவர் வீட்டுக்குப் போனேன். இடுப்பில் ஒரு பக் நாயை இடுக்கிக்கொண்டு அவரே கதவைத் திறந்தார். கூடத்தில் சுவர் முழுக்க பீங்கான் பொம்மை அலமாரி. ஆனால் கீழ்த் தட்டுகள் இரண்டும் வெறுமையாக இருந்தன. வால் எட்டும் உயரத்தில் எதையும் வைப்பதில்லை என்றார்.

நான் பார்ப்பதைக் கவனித்து ஒரு பொம்மையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். அதுவும் பக் நாய்தான். ஜெர்மனியின் மைசன் ஆலையில் கெண்ட்லர் என்ற சிற்பி 1740களில் வடித்த உருவமாம். இவரிடம் இருப்பது பிற்காலத்தில் எடுத்த வார்ப்பு. எனக்கோ கை நடுக்கம்.

"இதன் மூக்கைப் பாருங்கள். இப்போது இவன் மூக்கைப் பாருங்கள்" என்றார்.

பீங்கான் நாய்க்கு முகவாய் முன்னே நீண்டிருந்தது. உயிருள்ள நாய்க்கு இரண்டு துளைகளும் ஒரு மடிப்பும்தான். அழகு என்று சொல்லித் தலைமுறை தலைமுறையாக முகத்தை நசுக்கிக்கொண்டே வந்திருக்கிறோம், எல்லாரும் இவன் குறட்டையை ரசிக்கிறார்கள், அது மூச்சு முட்டும் சத்தம் என்றார். நாசித் துளைகளை அகலப்படுத்த அறுவை சிகிச்சை செய்தும் வெயிலில் ஐந்து நிமிடம் நடக்க மாட்டானாம். லாப நட்டக் கணக்கில்கூட அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

கையெழுத்தை இருவருமே மறந்துவிட்டோம். மறுநாள் திட்டு எனக்குத்தான்.

* * *

அவருக்கு ஏழு ஆண்டுகள் கார் ஓட்டினேன். இன்னொரு நாயும் உண்டு, டாக்ஸ்ஹண்ட். முதுகு நீளம், கால் குட்டை. உயரத்திலிருந்து குதித்தால் தண்டுவட வட்டுகள் கெட்டுவிடும் என்று காரில் ஏறவும் இறங்கவும் ஒரு சாய்வுப் பலகை செய்துவைத்திருந்தார். அதை எடுத்து மாட்டுவது என் வேலை. அந்தப் பயல் ஒரு நாளும் அதில் நடந்ததில்லை. நான்தான் தூக்குவேன்.

* * *

நான் கொள்முதல் பிரிவு. ஒரு விற்பனையாளர் எங்கிருந்தோ அவருடைய ஆசையைத் தெரிந்துகொண்டு ஸ்டாஃபர்ட்ஷயர் ஸ்பேனியல் நாய்ப் பொம்மை ஜோடி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் கணப்பு அடுப்பின் மேல் இப்படி ஜோடியாக வைப்பார்களாம். மேடம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் பெரிய வட்டத் துளை. களிமண் கரைசலை ஊற்றி வார்த்தது, அந்தக் காலத்துப் பொம்மையில் களிமண்ணை அச்சில் அழுத்திச் செய்வார்கள், துளை இருந்தாலும் ஊசி முனை அளவுதான் என்றார். மேற்பூச்சின் நுண் விரிசல்களையும் காட்டினார். அவை எல்லா இடத்திலும் ஒரே சீரான பழுப்பு நிறத்தில் இருந்தன. "தேநீரில் ஊறவைத்திருக்கிறார்கள்."

விற்பனையாளர் முகம் வெளுத்துவிட்டது. மேடமோ சிரித்தார். "நல்லவேளை, போலி. அசலாக இருந்தால் விதிப்படி உங்களிடமே திருப்பித் தரவேண்டியிருக்கும். எனக்கு மனசு வந்திருக்காது." அந்த ஜோடி வரவேற்பு மேசைக்குப் போனது. ஒப்பந்தம் அவருக்குக் கிடைக்கவில்லை.

* * *

எல்லாரும் இனிப்பாகவே எழுதுகிறீர்கள். அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது எனக்கு இரண்டு நாள் விடுப்புத் தரவில்லை. அதே மாதம் நாயின் மூக்குச் சிகிச்சைக்காக அவர் மூன்று நாள் வரவில்லை. முதல் பதிவில் அந்தச் சிகிச்சையைப் படித்ததும் நினைவு வந்தது. மனிதர்களுக்கும் அவர் ஒரு சாய்வுப் பலகை வைத்திருக்கலாம்.

* * *

மேலே எழுதியவர் சொல்வது உண்மை. அப்போது விடுப்புப் பட்டியல் என் மேசையில்தான் இருந்தது.

போன வாரம் மேடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். நன்றாகப் பேசினார், உங்களில் சிலரைப் பெயர் சொல்லி விசாரித்தார். அலமாரியின் கீழ்த் தட்டுகளிலும் பொம்மைகளை அடுக்கியிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.