உள்ளே கசிந்து அழுத்தமானியின் முள்ளை ஏற்றும் கோளாறு: என்ன பெயர் வைக்கலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்கூபா கருவிகளைப் பல ஆண்டு பெட்டியில் போட்டு வைத்துவிட்டு மறுபடி கடலுக்குப் போக நினைப்பவர்களுக்காக ஒரு சோதனைக் கையேடு தமிழில் தயாராகிறது. டேங்க், ரெகுலேட்டர், ஓ-ரிங், ஹோஸ் எல்லாம் வழக்கில் உள்ளபடியே இருக்கின்றன. அவற்றில் கைவைக்கும் எண்ணம் இல்லை. ஒரே ஓர் இடத்தில்தான் சொல் தேவைப்படுகிறது.

டேங்கின் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் கருவியான ரெகுலேட்டரின் முதல் கட்டம் (டேங்க் வால்வில் மாட்டும் பகுதி), டேங்கில் உள்ள 200 பார் (பார் என்பது அழுத்த அலகு) அழுத்தத்தை, வெளியே சுற்றியுள்ள அழுத்தத்தைவிட 9 முதல் 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைத்து அனுப்புகிறது. இதை இடையழுத்தம் என்று எழுதியிருக்கிறோம். மூச்சு இழுக்காத நேரத்தில் இது ஓரிடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் 9.5, 10, 10.5 என்று ஏறிக்கொண்டே போவதைத் தொழிலில் 'க்ரீப்' என்கிறார்கள். வரைவில் 'இடையழுத்த ஊர்வு' என்று போட்டிருக்கிறோம். பொருந்துமா?

*

> வரைவில் 'இடையழுத்த ஊர்வு' என்று போட்டிருக்கிறோம்

ஐயா, ஊர்வு வேண்டாம். பாரம் தாங்கித் தாங்கி உலோகமோ பிளாஸ்டிக்கோ மெல்ல நீண்டுபோவதற்கு அந்தச் சொல்லைப் பொறியியலில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இதே கையேட்டில் 6351 அலுமினியக் கலவையில் செய்த பழைய டேங்குகளின் கழுத்து விரிசலும் வரும். அது உண்மையிலேயே நெடுநாள் பாரத்தால் வருவது. அங்கே ஒரு பொருளிலும் இங்கே வேறு பொருளிலும் படித்தால் வாசகர் குழம்புவார்.

இங்கே எதுவும் ஊர்வதில்லை. முதல் கட்டத்துக்குள் உலோகக் கூர்வாய் ஒன்று உண்டு; அதன்மேல் ஒரு சிறு பிளாஸ்டிக் வில்லை வந்து உட்கார்ந்து காற்றை மறிக்கும். வில்லை தேய்ந்தாலோ, வாயின் விளிம்பில் கீறல் விழுந்தாலோ, நடுவில் ஓர் உப்புத் துகள் சிக்கினாலோ முழுக்க மூடாது. 200 பார் பக்கத்திலிருந்து காற்று இந்தப் பக்கம் வந்துகொண்டே இருக்கும்.

சோதிப்பது எளிது. இடையழுத்த மானியை, மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்டுக்குக் காற்று போகும் ஹோஸின் முனையில் செருகுங்கள். வாயில் கவ்வி மூச்சு இழுக்கும் பகுதியான இரண்டாம் கட்டம் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். அழுத்தம் எல்லை மீறினால் திறந்து வெளியேற்றுவது அதுதான். டேங்க் அழுத்தமானியின் கண்ணாடியை முகத்துக்கு எதிரே வைக்காமல், வால்வை மெதுவாகத் திறங்கள். இரண்டாம் கட்டத்தில் காற்றைத் திறந்துவிடும் பொத்தானைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் முள் சற்று இறங்கி, சட்டென்று பழைய இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். முதல் சில விநாடிகளில் 0.3 பார் அளவுக்கு நகர்ந்து நின்றுவிட்டால் கவலையில்லை. ஐந்து நிமிடம் ஆகியும் நகர்ந்துகொண்டே இருந்தால் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். நிறைந்த டேங்கில் ஒருமுறையும் 50 பார் அளவில் உள்ள டேங்கில் ஒருமுறையும் பாருங்கள். ஒன்றில் நன்றாக நிற்பது மற்றதில் நிற்காமல் போகலாம்.

'மெல்லேற்றம்' என்று வைக்கலாமே?

*

வணக்கம் ஐயா. எங்கள் பக்கத்தில் அழுத்தம் என்பதற்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே அமுக்கம் என்றுதான் பழக்கம். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் வாசிப்பவர்களுக்காக ஒருதரம் 'இடையமுக்கம்' என்றும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

மெல்லேற்றத்தில் எனக்கு இரண்டு தடை. முதலாவது, எப்போதும் மெல்ல ஏறுவதில்லை. உப்புப் பரல் ஒன்று சிக்கினால் ஐந்து விநாடியிலேயே முள் ஏறி, வாய்ப்பகுதி சீறத் தொடங்கிவிடும். இரண்டாவது, அது மானியில் தெரிவதைச் சொல்கிறதே தவிர, பழுது எங்கே என்று சொல்லவில்லை. இந்தக் கசிவு வெளியில் தெரியாது. முதல் கட்டத்தைத் தண்ணீருக்குள் பிடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தால் ஒன்றும் வராது. 'கசிவில்லை' என்று நம்பிவிடுவார்கள். அதனால் 'உட்கசிவு' என்பதே என் விருப்பம்.

இன்னொன்று. நீண்டகாலம் கிடந்த ரெகுலேட்டரில் இதே சீறலை வேறொரு பழுதும் தரும். காற்று இல்லாமல் வைத்திருக்கும்போது முதல் கட்டத்தின் வாய் திறந்தே இருக்கும். அதன் வில்லைக்குச் சுமை இல்லை. இரண்டாம் கட்டம் நேர்மாறு. அங்கே வில்லை ரப்பர், அதைச் சுருள்வில் ஓயாமல் வாய்மேல் அழுத்திக்கொண்டிருக்கும். மூன்று நான்கு வருடம் அப்படியே இருந்தால் ரப்பரில் வட்டமாகப் பள்ளம் விழுந்துவிடும். இதற்கும் ஒரு சொல் வேண்டும். இரண்டு பழுதையும் ஒரே பெயரால் சொன்னால் ஆள் பிழையான பாகத்தைப் பிரிப்பார்.

*

> இரண்டு பழுதையும் ஒரே பெயரால் சொன்னால்

சரியாகப் பிடித்தீர்கள் ஐயா. மெல்லேற்றத்தை விட்டுவிடுகிறேன். கோளாறுக்கு உட்கசிவு. மானியில் காண்பதற்குத் தனியாக 'முள்ளேற்றம்' என்று வைத்துக்கொண்டால் நோயும் அறிகுறியும் பிரிந்துவிடும்.

பள்ளம் விழுவதற்குப் புதுச்சொல் கட்ட வேண்டாம். 'தடம் பதிந்துவிட்டது' என்றால் யாருக்கும் புரியும். பெயராக வேண்டுமானால் 'தடப்பதிவு'. ஓ-ரிங் பல ஆண்டு நெரிபட்டு உருண்டை போய்த் தட்டையாகிவிடுவதற்குப் பட்டறையில் சொல்லும் 'சப்பை' போதும். கழற்றிய ஓ-ரிங்கின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகத் தெரிந்தால் அது சப்பை. கிரீஸ் தடவினால் சரியாகாது, மாற்றத்தான் வேண்டும்.

வாயை மூடும் அந்தப் பாகத்துக்கு 'அடைவில்லை' என்று எழுதிப் பார்த்தேன். 'அடைவு இல்லை' என்று பிரித்துப் படிக்க இடமிருக்கிறது. 'மூடுவில்லை' எனலாம். ஆங்கிலத்தில் 'சீட்' என்பதற்கு 'இருக்கை' என்ற நேர்பெயர்ப்பு எதையும் காட்டாது.

மூச்சு இழுப்பதைக் கெட்டிப்படுத்தும் திருகு இரண்டாம் கட்டத்தில் உள்ள ரெகுலேட்டர்களில், சீறலை நிறுத்த அதை இறுக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. கையேடு இதைத் தடுத்தே ஆக வேண்டும். தடப்பதிவாக இருந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். உட்கசிவாக இருந்தால் சத்தம் மட்டும் அடங்கி, அழுத்தம் ஹோஸுக்குள் ஏறிக்கொண்டிருக்கும்.

*

நன்றி, இருவருக்கும். உங்கள் சொற்களை வைத்துப் பதிவை இப்படித் திருத்தியிருக்கிறோம்:

"உட்கசிவு: முதல் கட்டத்தின் மூடுவில்லை முழுக்க மூடாததால் டேங்க் காற்று உள்ளுக்குள்ளேயே இடையழுத்தப் பக்கம் கசிவது. வெளியே குமிழி தெரியாது. அறிகுறி முள்ளேற்றம். வாய்ப்பகுதி சீறும்போது மானியைப் பாருங்கள்: முள் ஏறியிருந்தால் உட்கசிவு, முள் அசையாமல் நிற்க, சீறல் மட்டும் இருந்தால் இரண்டாம் கட்டத்தில் பழுது, பெரும்பாலும் தடப்பதிவு."

இதற்கு முன்பாக, காற்றுத் திறக்காமல் செய்யும் சோதனையும் வருகிறது. முதல் கட்டத்தின் தூசிமூடியை மாட்டி, வாயில் வைத்து மெதுவாக இழுத்தால் காற்று வரவே கூடாது. வந்தால் வாய்ப்பகுதி கிழிந்திருக்கும், அல்லது உள்தகடோ மூச்சு வெளியேறும் ரப்பர் இதழோ மடிந்திருக்கும். நுழைவாயில் வடிகட்டியின் நிறத்தையும் பார்க்கச் சொல்கிறோம்: பச்சை என்றால் உப்புநீர் புகுந்திருக்கிறது, செம்பழுப்பு என்றால் இரும்பு டேங்கின் துரு, கருப்பு என்றால் கம்ப்ரசர் எண்ணெயோ கரித்தூளோ. பச்சை தெரிந்தால் மானி வைத்துப் பார்க்கும் வேலையே இல்லை; நேராகச் சர்வீசுக்குத்தான்.

'கட்டம்' பற்றி யாரும் மறுக்காததால் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் அப்படியே இருக்கட்டும். இடையமுக்கம் அடைப்புக்குறிக்குள் இல்லாமல் 'இடையழுத்தம் அல்லது இடையமுக்கம்' என்று சம எழுத்தில் முதல் பக்கத்திலேயே வரும். பின்னல் ஹோஸ்களில் சிலவற்றின் உட்குழாய் சிதைந்து மஞ்சள் நிறப் படிகங்களாகக் காற்றை அடைத்துக்கொள்கிறதே, அதற்கு 'ஹோஸ் பூத்தல்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். சுவரில் உப்பு பூப்பதுபோல. அதை அடுத்த இழையில் எடுத்துக்கொள்வோம்.