மறு: விளையாட்டுக்குள் எஞ்சிக் கிடக்கும் வழுநீக்கு வசதிகள், ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். வீடியோ விளையாட்டுகளைச் செய்தவர்கள் வழு பார்க்க (debug) உள்ளே போட்டு, விற்பனைக்குப் போன பிறகும் எடுக்காமல் விட்ட வசதிகளுக்குக் கலைக்களஞ்சியப் பதிவில் போட ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளை மேற்கோளாக வைத்துப் பதில் எழுதுகிறேன்.

> "மறைந்திருக்கும் பிழைத்திருத்த வசதி" என்றே எழுதலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் ஒரு கட்டுரையில் பத்துத் தரம் எழுதவேண்டி வந்தால் இந்தத் தொடர் நொண்டும். அதோடு "மறைந்திருக்கும்" என்ற அடை வாசிப்பவரைப் பிழையான பக்கம் கொண்டுபோகிறது. 1980இல் அட்டாரி விளையாட்டுக் கருவிக்கு வந்த 'அட்வெஞ்சர்' விளையாட்டில் அதன் நிரலை எழுதிய வாரன் ராபினெட் தன் பெயரை ஓர் இரகசிய அறைக்குள் ஒளித்து வைத்தார். நிரலாளர் பெயரை நிறுவனம் எங்கும் போடாத காலம் அது. யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றே ஒளித்தது. நாங்கள் சொல் தேடுவது அதற்கல்ல. வேலை செய்தவர்கள் தங்கள் வசதிக்குப் போட்டு, வேலை முடிந்த பிறகும் கழற்றாமல் விட்டதற்கு.

1991இல் செகாவின் மெகா டிரைவ் கருவிக்கு வந்த முதல் 'சொனிக்' விளையாட்டையே எடுப்போம். தலைப்புத் திரையில் பொத்தான்களைக் குறித்த ஒழுங்கில் அழுத்தி உள்ளே போனால், புள்ளிகள் காட்டும் இடத்தில் பதினறும (hexadecimal) எண்கள் ஓடும். ஆட்டநாயகன் சொனிக் நிற்கும் இடத்தின் ஆள்கூறுகள் அவை. பி பொத்தானைத் தட்டினால் சொனிக் மறைந்து அந்த இடத்தில் ஒரு வளையம் வரும். அதைச் சுவர், நிலம் ஒன்றும் பாராமல் எங்கும் நகர்த்தலாம். ஏ அழுத்த அழுத்த வளையம் எதிரியாகும், முள்ளாகும், ஸ்பிரிங் ஆகும். சி அழுத்தினால் அந்தப் பொருள் நட்டது நட்டபடி அங்கேயே நிற்கும். திரும்பவும் பி, ஆள் வந்துவிடுவார். விளையாடுபவரை மனத்தில் வைத்துச் செய்த வசதி மாதிரியா இருக்கிறது? கடைசிக் கட்டத்து முள்ளில் ஒரு தரம் மோதிப் பார்ப்பதற்காக முழு ஆட்டத்தையும் ஆடிக்கொண்டிருக்க நேரமில்லாத ஒருவரின் வேலைக் கருவி இது.

இதை ஏன் அழிக்காமல் விட்டார்கள் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் காலத்துக் கசற்றில் (விளையாட்டுக் கருவியில் செருகும் cartridge) நிரலும் படங்களும் இசையும் நினைவகத்தில் குறித்த முகவரிகளில் அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு துண்டை வெட்டினால் பின்னால் உள்ளதெல்லாம் இடம் மாறும். எது எந்த முகவரியை நம்பி ஓடுகிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது, ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்கவேண்டும். கசற் சந்தைக்குப் போன பிறகு திருத்தம் அனுப்ப வழியும் இல்லை. அந்தத் துண்டை அழைக்கும் வரியை மட்டும் அடைத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விடுவதுதான் புத்தி.

> கட்டடம் எழும்பிய பிறகும் கழற்றாத சாரம் இது. "விடுசாரம்" எப்படி?

கோவை நண்பரின் சொல் அழகு, பொருளும் கச்சிதம். ஆனால் யாழ்ப்பாணத்தில் சாரம் என்பது ஆம்பிளைகள் இடுப்பில் உடுப்பது, உங்கள் ஊர்க் கைலி. "சொனிக்குக்குள் விடுசாரம் கிடக்கிறது" என்று நான் இங்கே வகுப்பில் சொன்னால் அன்றைக்குப் பாடம் நடக்காது.

என் விருப்பம் "எச்சம்". பறவை எச்சம் நினைவுக்கு வருமே என்றால், வரட்டும். பெயரெச்சம் வினையெச்சம் படிக்காத பிள்ளை நம்மிடம் இல்லை. "வந்து" என்ற வினையெச்சம் ஒரு முற்றைத் தேடி நிற்கிற மாதிரி, இந்த நிரல்துண்டும் தன்னை அழைக்க ஒரு வரியைத் தேடி நிற்கிறது. பயன்படாத நிரல் என்றாலும் செத்த நிரல் இல்லை.

முன்னால் என்ன சேர்ப்பது? "வழுநீக்கெச்சம்" சரியான சொல்தான், வாய்தான் ஒத்துழைக்காது. தவிரவும் விரும்பிய கட்டத்துக்கு நேரே போகும் கட்டத் தெரிவு, ஒலிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கும் பட்டி இவையெல்லாம் வழுவை நீக்குவதில்லை, பார்த்துச் சரிபிழை சொல்ல உதவுகின்றன. எனவே "சோதனையெச்சம்". இங்கே சோதனை என்றால் பரீட்சை, முதலில் ஓ.எல். பொதுப் பரீட்சைதான் நினைவுக்கு வரும். சாரத்துக்கு ஒரு நீதி, சோதனைக்கு ஒரு நீதியா என்று கேட்காதீர்கள். இரண்டும் பரிசோதிப்பதுதான், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

இதற்குள் ஒரு பிரிவு தேவைப்படும். சொனிக் 2இல் ஒலிப் பட்டியில் 19, 65, 09, 17 என்று வரிசையாகப் போட்டால் கட்டத் தெரிவு கிடைக்கும். நிரலாளர் யுஜி நாகாவின் பிறந்த நாள் அது, 1965 செப்டெம்பர் 17. அடுத்த படியான வழுநீக்கு நிலைக்குப் போடும் எண்களோ 1992 நவம்பர் 24, அந்த ஆட்டம் அமெரிக்காவில் வெளியான திகதி. ஆக, உள்ளே போக வேண்டுமென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சுப்பர் மரியோ பிரதர்ஸ் 3இல் அப்படி இல்லை. செலக்ட் பொத்தானைத் தட்ட மரியோவின் சக்தி மாறும் வசதி உள்ளே கிடக்கிறது, ஆனால் கேம் ஜீனி மாதிரி ஒரு கருவியால் நினைவகத்தில் கைவைத்தால்தான் எழும்பும். முதலாவது "திறப்புள்ள சோதனையெச்சம்", இரண்டாவது "திறப்பில்லாத சோதனையெச்சம்". எங்களுக்குத் திறப்பு என்றால் சாவி. தமிழ்நாட்டார் திறத்தல் என்று எடுத்துக்கொண்டாலும் பொருள் கெடாது.

> அப்படியானால் கொனாமி கோட் எதில் சேரும்?

1986இல் 'கிரேடியஸ்' விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றியபோது கொனாமி நிறுவனத்துக் கசுஹிசா ஹஷிமோட்டோவுக்கு அந்த ஆட்டம் கடினமாக இருந்தது, சோதிக்க முடியவில்லை. அதற்காகப் போட்டதுதான் 'மேல் மேல் கீழ் கீழ்' என்று தொடங்கும் இந்தப் பொத்தான் வரிசை. பிறப்பால் திறப்புள்ள சோதனையெச்சம், பிறகு உலகம் முழுக்கச் சீற் கோட் (ஆட்டத்தை எளிதாக்கும் குறுக்குவழி) ஆகிவிட்டது. இரண்டு பெயரும் இருக்கட்டும்.

2005இல் 'ஜிடிஏ: சான் அன்றியாஸ்' விளையாட்டில் முடக்கிக் கிடந்த ஒரு பகுதி வெளிப்பட்டு வயதுத் தரம் மாறுமளவுக்குப் பெரிதாகிய விவகாரத்தை இதில் சேர்க்கவேண்டாம். அது ஆட்டத்துக்கென்றே செய்து முடக்கிவைத்த பகுதி. "கைவிட்ட பகுதி" போதும்.

பேச்சில் யாரும் "டீபக் மோட்" (debug mode, வழுநீக்கு நிலை) என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த கிறீன் வைத்தியரும் வேண்டிய இடத்தில் பிறமொழிச் சொல்லை எடுத்தாண்டவர்தான். கலைக்களஞ்சியப் பதிவுக்கு மட்டும் சோதனையெச்சம் என்று ஒரே சொல்லாக, இடைவெளி இல்லாமல் போடுங்கள்.

இன்னொன்று, தனி இழையாகவே தொடங்கலாம். 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடுவது திட்டமிட்டதல்ல. வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததால் கருவி தானாக வேகமெடுத்தது. அந்த விளையாட்டைச் செய்த நிஷிகாடோ அதைத் திருத்தாமல் ஆட்டத்தின் பகுதியாகவே வைத்துக்கொண்டார். இப்படி ஏற்றுக்கொண்ட கோளாறுக்கு "வழுவமைதி" (பிழையானாலும் ஏற்றுக்கொள்வது) என்று இலக்கணத்திலிருந்து எடுக்க யாருக்கும் ஆட்சேபம் உண்டா?

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து