46 போனால் மிச்சம் ஜீனா?

நாடித்துடிப்பு: பக்கத்து விவாத இழையில் ஒருவர் அருளியிருக்கிறார்: "இளம் வயதில் இதயநோய் என்றால் ஜீன்தான். ஓடினாலும் வரும், உட்கார்ந்தாலும் வரும்." 2016இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். ஜீன் ஆபத்து அதிகமுள்ளவர்களிலேயே புகைக்காமல், உடல் பெருக்காமல், உடற்பயிற்சியோடு ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு, அப்படி இல்லாதவர்களைவிட ஆபத்து 46 சதவீதம் குறைவு.

கணக்குப்பிள்ளை: அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். 46 போனால் மிச்சம் 54. அது ஜீன்தானே? நான் சொன்னதையே சொல்லிவிட்டு எரிச்சல் வேறு.

நாடித்துடிப்பு: பெயருக்கேற்ற கணக்கு! 46 என்பது ஒரே அளவு ஜீன் ஆபத்துள்ள இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான வித்தியாசம். ஆய்வில் இருந்த குழுக்களில் ஒன்றில், பத்து ஆண்டுகளில் ஒழுங்கில்லாத பக்கம் 10.7 சதவீதம் பேருக்கு வந்தது, ஒழுங்கான பக்கம் 5.1. இதில் 54 எங்கே இருக்கிறது?

கணக்குப்பிள்ளை: அந்த 5.1 பேருக்கு ஏன் வந்தது? காற்றிலா?

மூன்றாம்பெஞ்ச்: பேச்சு இளைஞர்களைப் பற்றியது. அந்தக் குழுவில் சேர்ந்தவர்கள் 45 வயதைத் தாண்டியவர்கள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயத்தைப் பரிசோதித்த அறிக்கை 1953இல் வந்தது. சராசரி வயது 22. 77 சதவீதம் பேரின் இதயக் குழாய்களில் அப்போதே நோயின் தடயம்.

கணக்குப்பிள்ளை: நன்றி ஐயா. தினமும் ஓடியவர்கள், 22 வயது, 77 சதவீதம். வழக்கு முடிந்தது.

நாடித்துடிப்பு: ரேஷன் பெட்டிக்குள்ளேயே சிகரெட் வைத்துக் கொடுத்தார்கள் அவர்களுக்கு. அது எந்த ஜீன்?

சும்மாவந்தவன்: ஒரு சந்தேகம். குழாய் அடைப்பைப் பேசுகிறோமா, திடீரென்று இதயம் நின்றுபோவதையா? இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் சுமார் 500 பேரில் ஒருவருக்கு உண்டு. அது வேறு கதை அல்லவா?

கணக்குப்பிள்ளை: அதெல்லாம் அப்புறம். என் அண்ணனுக்கு 26 வயதில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்டிரால், 240. சிகரெட்டைத் தொட்டதில்லை, தினமும் ஓடுபவன். குதிகாலுக்கு மேலே தசைநாண் தடித்து முண்டாக இருக்கும். ஷூ கடித்த தழும்பு என்றே பல வருடம் நினைத்தோம். கொழுப்பு படிந்த முண்டாம் அது. பரம்பரைக் கொலஸ்டிரால். சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு, பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதி வாய்ப்பு. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து பிடித்திழுக்கும் ஏற்பியில்தான் கோளாறு. அதைக் கண்டுபிடித்ததற்கு 1985இல் நோபலே கொடுத்தார்கள். இவனிடம் போய் நடைப்பயிற்சி உபதேசம் செய்யுங்கள், பார்க்கலாம்.

நாடித்துடிப்பு: அண்ணனுக்காக வருத்தம், உண்மையாகவே. ஆனால் மிச்சம் 249 பேர்? அண்ணன் மாத்திரை சாப்பிடுகிறாரா?

கணக்குப்பிள்ளை: சாப்பிடுகிறான். 240 இப்போது 110.

நாடித்துடிப்பு: ஆக, "எப்படி இருந்தாலும் வரும்" என்பது அவருக்கே பொருந்தவில்லை.

கணக்குப்பிள்ளை: மாத்திரை என்ன பழக்கவழக்கமா? போன வருடம் முட்டை இழையிலும் இப்படித்தான் கடைசியில் வாதத்தையே மாற்றிக்கொண்டு ஓடினீர்கள்.

நாடித்துடிப்பு: முட்டை இழையில் பாதியில் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம்பெஞ்ச்: ஆரம்பித்துவிட்டார்கள்.

சும்மாவந்தவன்: என் சந்தேகம்?

கணக்குப்பிள்ளை: ஓடவில்லை, மின்சாரம் போனது. இப்போதும் சொல்கிறேன், 54.